வாழையிலை விருந்துக்கு எந்தப் பானம்? 12 பேர், தெலுக் இந்தான்

பெர்னாம்கரை கேட்டது:

வணக்கம். தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் போகும் வழியில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 12 பேருக்கு வீட்டிலேயே விருந்து வைக்கிறோம். பாதிப் பேர் ஈப்போ, கோலாலம்பூரிலிருந்து வருகிறார்கள். தோட்டத்துச் சமையலை அவசரமில்லாமல், மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். செலவைத் தலைக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று பிரித்துக்கொள்வதாகப் பேச்சு.

சமையல் இதுதான்: பருப்பு வடை, ஆற்று இறால் சம்பல், தேங்காய்ப்பால் விட்ட மீன் கறி, கோழிப் பிரட்டல், ஆட்டிறைச்சி வருவல், முருங்கைக்கீரை, கத்திரிக்காய் பச்சடி, பருப்பு, ரசம், மோர், சவ்வரிசிப் பாயாசம். எட்டுப் பேர் மது அருந்துவார்கள், நால்வர் தொடமாட்டார்கள். இருவருக்குக் காரம் ஆகாது.

இலையில் எல்லாம் ஒன்றாக விழும்போது எந்தப் பானத்தை எதோடு வைப்பது என்று பிடிபடவில்லை. சிவப்பு ஒயினை வருவலோடு குடித்தால் கசப்பு ஏறி, தொண்டை எரிகிறது, காரணம் என்ன? இந்தப் பக்கம் தென்னை நிறைய இருப்பதால் கள் வைக்கலாமா? மது தொடாத நால்வருக்கு சிராப்பும் கோலாவும் அல்லாமல் மதிப்பாக என்ன கொடுப்பது? அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மண்டபச்சமையல் பதில்:

தம்பி, பானத்துக்கு முன் பந்தியைப் பிரியுங்கள். பதினொரு வகையும் ஒரே இலையில் இருந்தால் கை ஒரு வாய் சம்பலுக்கும் அடுத்த வாய் பச்சடிக்கும் போகும். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பானம் கிடையாது. நான்கு சுற்றாக வையுங்கள். வாசலில் நின்றபடி வடை. உட்கார்ந்ததும் சிறிய தட்டில் இறால் சம்பல், இரண்டு இடியாப்பத்தோடு. அதற்குப் பிறகு மீன் கறி. நான்காவதாக இலை: சோறு, பிரட்டல், வருவல், கீரை, பச்சடி, பருப்பு, ரசம். பாயாசம் கடைசியில், எந்தப் பானமும் இல்லாமல்.

இப்போது உங்கள் சிவப்பு ஒயின். மிளகாயின் எரிச்சலும் சூடும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தொடுகின்றன. ஆல்கஹால் அந்த உணர்வியை இன்னும் எளிதில் தூண்டிவிடும். கடையில் கிடைக்கும் சிவப்பு ஒயின் பெரும்பாலும் 13 முதல் 14.5 சதவீதம், வருவலில் மிளகாயும் மிளகும் இரண்டும் இருக்கின்றன. தொண்டை எரிவது அதனால். கசப்புக்குக் காரணம் டேனின், அதாவது திராட்சைத் தோலிலும் மரப்பீப்பாயிலும் இருந்து வரும் துவர்ப்பு. காரத்தில் ஏற்கெனவே எரிந்த வாயில் துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும். இதோடு நம் ஊர் வெப்பமும் சேர்கிறது. புத்தகங்களில் ‘அறைச் சூடு’ என்று எழுதியிருப்பது 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டுக் கூடம் 30 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினிலிருந்து முதலில் கிளம்புவது ஆல்கஹால் நெடிதான். சிவப்புதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் டேனின் குறைந்த பினோ நுவார் அல்லது கமே வகை வாங்கி, குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவைத்து, 14 டிகிரியில் ஊற்றுங்கள். மீனோடு மட்டும் சிவப்பு வேண்டவே வேண்டாம். அந்த ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சி வாடையை எழுப்பும்.

பானம் தேர்ந்தெடுக்க மூன்றைப் பார்த்தால் போதும். புளிப்பு: உணவில் உள்ள புளியைவிடப் பானத்தின் புளிப்பு குறைந்தால் பானம் தண்ணீர் போல் சப்பென்று போய்விடும். இனிப்பு: காரத்துக்கு முன்னால் கொஞ்சம் இனிப்பு இருக்க வேண்டும், ஆனால் தாகம் கூட்டும் அளவுக்கு அல்ல. ஆல்கஹால்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வடைக்கு லாகர் பீர். எண்ணெயை வாயிலிருந்து கழுவுவதற்கு வாயுவும் லேசான கசப்பும் போதும். 320 மில்லி டின் ஒன்றை இருவருக்குப் பிரியுங்கள், 4 முதல் 6 டிகிரியில். ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐபிஏ வகை பீர்கள் இந்த மேசைக்கு ஆகாது. மிளகாயும் அந்தக் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

சம்பல்தான் இந்த விருந்தில் கடினமான சுற்று. காய்ந்த மிளகாய், பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), புளி, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் அதில் உண்டு. இங்கே பீரின் வாயு உதவாது, குத்தும். ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் ‘கபினெட்’ என்று ஒட்டியிருக்கும் வகை 8 முதல் 9 சதவீதம்தான் இருக்கும். இனிப்பும் உண்டு, நல்ல புளிப்பும் உண்டு. ஈப்போவில் தேடினால் கிடைக்கும். பின்பக்க ஒட்டுத்தாளில் 12 சதவீதம் என்று இருந்தால் அது இனிப்பில்லாத வகை, வாங்க வேண்டாம். இந்தியச் சமையல் என்றாலே கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் என்று பலர் சொல்வார்கள். வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹால் அதிகம். புளி விட்ட சம்பலோடு அது சோர்ந்துவிடும். நெய்ச்சோறு, குருமா வைக்கும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் கறிக்கும் அதே ரீஸ்லிங் தொடரலாம். கோதுமை பீர் கிடைத்தால் அது இன்னும் பொருந்தும், தேங்காய்ப்பாலின் கொழுப்போடு மென்மையாகப் போகும்.

வருவலுக்கு ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர். வறுத்த கொத்துமல்லி, மிளகு, சோம்பு, கருகும் விளிம்பில் நிற்கும் வெங்காயம் ஆகியவற்றோடு வறுத்த பார்லியின் மணம் ஒட்டும். ஐஸ் குளிரில் கொடுத்தால் கசப்பு மட்டும்தான் தெரியும். குளிர்பெட்டியிலிருந்து 15 நிமிடம் முன்பே எடுத்து வைத்து 8 முதல் 10 டிகிரியில் ஊற்றுங்கள்.

அளவு: எட்டுப் பேருக்கு லாகர் 4 டின், ரீஸ்லிங் 750 மில்லி ஒரு போத்தல் (தலைக்கு 90 மில்லி, மீனுக்கும் அதுவே என்றால் இரண்டு போத்தல்), ஸ்டவுட் 4 டின். குறைவாகத் தோன்றும். ஆனால் மூன்று மணி நேரத்தில் நாக்கு மரத்துப்போகாமல் ரசம் வரை சுவைத்துச் சாப்பிட இதுவே சரியான அளவு. குடிதண்ணீர் தலைக்கு 1 லிட்டர். ஐஸ் 12 கிலோ. குளிர்பெட்டியில் இடம் இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு போட்டுப் போத்தலை அமுக்குங்கள். அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸில் வைத்தால் போத்தலைச் சுற்றிக் காற்று நிற்கும், குளிர வெகுநேரமாகும்.

கண்ணாடிக் குவளை விஷயத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. கையால் சாப்பிடும் விருந்து இது. வலக்கை இலையில் இருக்கும், குவளையை இடக்கைதான் எடுக்கும். ஆகவே குவளையை இலையின் இடப்பக்கம் வையுங்கள். தண்டு வைத்த ஒயின் குவளை இலை விளிம்பில் இடறிச் சாயும். அடி கனமான சின்ன டம்ளர் போதும். சாம்பிராணியும் மல்லிகைச் சரமும் சாப்பிடும் கூடத்தில் வேண்டாம். அவை ரீஸ்லிங்கின் மணத்தை மட்டுமல்ல, ரசத்தின் மணத்தையும் சாப்பிட்டுவிடும்.

---

இலைப்பந்தி பதில்:

அண்ணன் சொன்ன காரணங்களில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பந்தியைப் பிரிப்பதில் உண்டு. இலை என்பது கலந்து சாப்பிடுவதற்காகவே அமைந்தது. வருவல் காரமாக இருப்பது பக்கத்தில் பச்சடி இருக்கிறது என்ற தைரியத்தில்தான். மீன் கறியைத் தனிச் சுற்றாகக் கொடுத்தால் சோறும் கீரையும் இல்லாமல் அது உப்பாகத் தெரியும், நீங்கள் உப்பைக் குறைப்பீர்கள், பிறகு அது மீன் கறியாக இருக்காது. வடையும் சம்பலும் இலைக்கு முன் தனியாக வரட்டும். மற்ற அனைத்தும் இலையில், வழக்கமான வரிசையில் விழட்டும்: உப்பு, ஊறுகாய், மேல்பாதியில் காய்கறி, கீழ்ப்பாதியில் சோறு, பருப்பு நெய், கறிகள், ரசம், மோர். இலையில் உட்கார்ந்த பிறகு மது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே ரசமும் மோரும்தான் பானம், அவற்றுக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம் வட்டாரத்தில் மதுவைப் பற்றி இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தோட்டங்களில் கள்ளுக்கடை எத்தனை குடும்பத்தின் சம்பளத்தைத் தின்றது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அந்த நால்வர் தொடமாட்டோம் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். அவர்களுக்குக் கொடுக்கும் பானம் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட ஒரு பிடி கூடுதல் அக்கறையோடு இருக்க வேண்டும். முஸ்லிம் நண்பர்கள் யாராவது வருவதாக இருந்தால் அன்று மேசையில் மது வைக்கவே வேண்டாம். நாள் குறிக்கும்போது புரட்டாசி மாதத்தையும் தைப்பூச விரத நாட்களையும் தவிருங்கள், பாதிப் பேர் சைவமாகிவிடுவார்கள்.

வடைக்கும் சம்பலுக்கும் ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) எலுமிச்சை. 12 பேருக்கு: ஆசாம் போய் 15, கஸ்தூரி எலுமிச்சை 30, சர்க்கரை 120 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர். ஆசாம் போயை 300 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, நன்றாக மசித்து, வடிகட்டி, சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுங்கள். எலுமிச்சையைப் பரிமாறும் முன்தான் பிழிய வேண்டும். காலையிலேயே பிழிந்து வைத்தால் மாலைக்குள் கசக்கும், விதை நசுங்கினால் இன்னும் மோசம். ஆசாம் போயில் இருக்கும் உப்புதான் பெலாச்சானோடு சேர்த்துக்கட்டுகிறது, ஆகவே தனியாக உப்புப் போட வேண்டாம்.

மீன் கறிக்குப் பானகம். கோயிலில் கொடுக்கும் பானகம் மேசைக்கு இனிப்பு அதிகம். 2 லிட்டர் தண்ணீருக்கு வெல்லம் 120 கிராம் போதும். சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, ஏலக்காய் 6, எலுமிச்சை 3, ஒரு சிட்டிகை உப்பு. கூலா மெலாக்கா (மலேசியப் பனைவகை வெல்லம்) போடலாம், ஆனால் அதன் புகைமணம் மீனை அமுக்கும். பாதி வெல்லம், பாதி கூலா மெலாக்கா என்று வையுங்கள். பித்தளைக் குடத்தில் கலக்கி அழகாக வைக்க ஆசை வரும். எலுமிச்சையும் புளியும் பித்தளையை அரித்து உலோகச் சுவை ஏறும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான்.

ரசத்தை வடிகட்டித் தெளிவாக, 90 மில்லி டம்ளரில், கை பொறுக்கும் சூட்டில் இலைப்பக்கம் வையுங்கள். 12 பேருக்குச் சோற்றுக்கும் சேர்த்து இரண்டரை லிட்டர்: புளி 50 கிராம், தக்காளி 4, மிளகு 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, பூண்டு 12 பல். இடித்த மிளகும் சீரகமும் போட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. விளிம்பில் நுரை கட்டியதும் இறக்குங்கள். கொதித்தால் மிளகின் வாசனை ஆவியாகி, கசப்பும் காரமும் மட்டும் மிஞ்சும். ரசம் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

மோருக்குத் தயிர் 750 கிராம், தண்ணீர் இரண்டேகால் லிட்டர், உப்பு 15 கிராம், இஞ்சி 20 கிராம், விதை நீக்கிய பச்சைமிளகாய் 2, கறிவேப்பிலை 2 கொத்து, பெருங்காயம் கால் தேக்கரண்டி. இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையைக் கொஞ்சம் தயிரோடு அரைத்து வடிகட்டிச் சேருங்கள். குடிக்கும் மோருக்குத் தாளிதம் வேண்டாம். குளிரில் எண்ணெய் உறைந்து உதட்டில் ஒட்டும். மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, தயிரில் உள்ள புரதம்தான் அதைப் பற்றி இழுத்துச் செல்கிறது. ஆகவே காரம் ஆகாத இருவருக்கும் மோரை முதல் சுற்றிலிருந்தே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

அவர்களுக்காகத் தனிச் சமையல் வைக்க வேண்டாம், அது அவர்களுக்கே சங்கடம். வருவலில் மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, குறைந்த பாதிக்குப் பதில் இடித்த மிளகைக் கடைசியில் தூவுங்கள். தூவும் முன் இருவருக்கு எடுத்து வைத்துவிடலாம். சம்பலில் மட்டும் கைவைக்காதீர்கள். அவர்களுக்கு இறாலை மஞ்சள், உப்பு தடவிப் பொரித்துக் கொடுங்கள்.

இலை: 45 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம். அடுப்புத் தணலில் லேசாகக் காட்டினால் கிழியாது. நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம். மேலே காற்றாடி வேகமாக ஓடினால் இலை புரளும், ஈரத்துணியால் மேசையைத் துடைத்து அதன் மேல் போட்டால் ஒட்டி நிற்கும். கை கழுவ வாசனைச் சோப்பு வைக்காதீர்கள். வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் போதும். சோப்பு மணம் விரலோடு வந்து ஒவ்வொரு வாயிலும் தெரியும்.

---

ஊர்க்கணக்கு பதில்:

சமையல் நுணுக்கம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பணமும் சட்டமும்.

நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. முகநூலில் தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று போட்டு அறியாதவர்களை வரவழைப்பது வேறு, அது வியாபாரம். இரண்டாவது என்றால் வணிகப் பதிவு வேண்டும், ஊராட்சி மன்றத்தில் உரிமம் கேட்க வேண்டும். 2009 உணவுச் சுகாதார ஒழுங்குமுறைப்படி உணவைக் கையாள்பவர்கள் அதற்கான பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நண்பர்கள் விருந்தாகவே இருந்தாலும் உதவிக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டவர்களாக இருப்பது நல்லது.

மது விற்க 1976 கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். தலைக்கட்டணத்துக்குள் மதுவின் விலையையும் ஒளித்து வைத்தால் அதை அன்பளிப்பு என்று சொல்ல முடியாது. எளிய வழி: சாப்பாட்டுச் செலவை மட்டும் பகிருங்கள், போத்தல்களை மது அருந்தும் எட்டுப் பேரே வாங்கி வரட்டும். மண்டபச்சமையல் அண்ணன் கொடுத்த பட்டியலை அப்படியே அவர்களுக்கு அனுப்பி, யார் எதைக் கொண்டுவருவது என்று பிரித்துவிடலாம். 2017 டிசம்பர் முதல் மது வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும், கல்லூரிப் பிள்ளைகள் யாராவது வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுபவர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2020 சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று இருந்த ஆல்கஹால் வரம்பு 50 ஆகக் குறைந்தது, தண்டனையும் கடுமையானது. 50க்குள் இருக்குமா என்று கணக்குப் போடுவதைவிட, ஈப்போவுக்கு ஓட்டிச் செல்பவர் மோரோடு நிற்பதே சரி. சின்ன ஊரில் இரவு 11 மணிக்கு மேல் கிராப் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். யார் ஓட்டுகிறார், யார் இங்கேயே தங்குகிறார் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மலிவு விலையில் கிடைக்கும் சம்சு என்ற சாராயமோ, ஒட்டுத்தாள் இல்லாத போத்தலோ மேசைக்கு வரக் கூடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனால் நாக்குக்குத் தெரியாது.

---

பெர்னாம்கரை:

அண்ணே, அக்கா, அனைவருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம்: வடையும் சம்பலும் தனித் தட்டில், மதுப் பானங்கள் அந்த இரண்டு சுற்றோடும் ஸ்டவுட் மட்டும் இலை போட்ட முதல் பத்து நிமிடத்தோடும் நிற்கும். அதன்பின் எல்லாருக்கும் ரசம், மோர். போத்தல்களை நண்பர்களே வாங்கி வருகிறார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. கள்ளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உரிமம் உள்ள இடத்திலிருந்து வாங்குகிறோம், முக்கால் மணி நேர ஓட்டம். எந்த நேரத்துக் கள், எப்படிக் கொண்டுவருவது? அடுத்து, அடுப்பு இரண்டுதான். அன்றைக்கே எல்லாம் சமைக்க முடியாது. எதை முந்தின நாள் முடிக்கலாம்?

---

தென்னந்தோப்பு பதில்:

உரிமம் உள்ள இடம் என்று பார்த்து வாங்குவது நல்லது, மீதியைச் சொல்கிறேன்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புச் சாறு. புளிப்பு பானையிலேயே தொடங்கிவிடும், காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் விடுவதில்லை. சில மணி நேரத்தில் 4, 5 சதவீதம் ஆல்கஹால் வரும். ஒரு நாள் தாண்டினால் காடியாகத் திரும்பும். காலையில் இறக்கியதை இரவு 8 மணிக்கு வைத்தால் வெயிலில் 12 மணி நேரம் கடந்திருக்கும்; புளிப்பும் வேகமும் தூக்கலாக இருக்கும், வாசனை போயிருக்கும். மாலையில் இறக்குவதைக் கேளுங்கள். 6 மணிக்கு வாங்கி 8 மணிக்குப் பரிமாறினால் லேசான இனிப்பும், இளந்தேங்காய் வாசனையும், நாக்கில் சிலிர்க்கும் வாயுவும் இருக்கும். வடைக்கும் பெலாச்சான் சம்பலுக்கும் அதைவிடப் பொருந்துவது எனக்குத் தெரிந்து இல்லை. லாகரைக் குறைத்துவிட்டுக் கள்ளை அந்த இடத்தில் வையுங்கள். தலைக்கு 150 மில்லி, எட்டுப் பேருக்கு 1.2 லிட்டர், நுரையும் வண்டலும் கழியும் என்பதால் 2 லிட்டர் வாங்குங்கள்.

கொண்டுவரும்போது கண்ணாடிப் போத்தலில் அடைக்கவே கூடாது. வாயு உற்பத்தி நிற்காது, வண்டிக்குள் வெடிக்கும். உணவுக்கான பிளாஸ்டிக் கேனில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, மூடியை முழுதும் திருகாமல், ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள், அங்கேயும் மூடி தளர்வாகவே இருக்கட்டும். 10 டிகிரியில் கொடுங்கள். அடி வண்டலைக் கலக்கி ஊற்றாதீர்கள், அதுதான் வயிற்றை உப்ப வைக்கும்.

நல்ல கள் பால்வெள்ளையாக, மெலிதாக இருக்கும். மூக்கைக் குத்தும் காடி நெடி, கொழகொழப்பு, இனிப்பும் புளிப்பும் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் வாங்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது சர்க்கரைத் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம்.

---

மண்டபச்சமையல்:

இரண்டு அடுப்புக்கு வழி சொல்கிறேன் தம்பி. வருவல் முந்தின நாள். எலும்போடு இரண்டரை கிலோ, மசாலா ஏற ஒரு இரவு கிடைத்தால் அதற்கு நல்லதுதான். குக்கரில் இறைச்சியை முக்கால் வேக்காடு எடுத்து, மசாலாவில் பிரட்டி, தண்ணீர் வற்றும்போது நிறுத்துங்கள். மீதி வறுவலை அன்று மாலை அகலமான இரும்புச் சட்டியில் 25 நிமிடம். முழுதும் வறுத்து வைத்து மறுநாள் சூடாக்கினால் நார் நாராகப் போகும். சட்டியோடு மேசையில் ஆறப்போடாதீர்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இல்லாத தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். நம் வெப்பத்தில் கனமான சட்டியின் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருக்கும், கெடுவது அங்கேதான்.

சம்பல் விழுதும் முந்தின நாள். காய்ந்த மிளகாய் 30, சின்ன வெங்காயம் 250 கிராம், வறுத்த பெலாச்சான் 15 கிராம், எண்ணெய் 120 மில்லி. சின்னத் தீயில் எண்ணெய் பிரியும்வரை, அரை மணிக்குக் குறையாமல். அவசரப்பட்டால் பச்சை மிளகாய் நெடி நிற்கும், அதை எந்தப் பானமும் சமாளிக்காது. இறாலை மட்டும் விருந்தினர் உட்கார்ந்த பிறகு போடுங்கள், 5 நிமிடம். யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால் பெலாச்சானும் இறால்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மீன் கறியின் குழம்பை மதியம் வைத்து, மீனையும் முதல் பாலையும் கடைசியில் சேருங்கள். முதல் பால் விட்டபின் கொதித்தால் திரியும். பாயாசத்துக்கும் இதே விதிதான்: வெல்லப்பாகு ஆறியபின் தேங்காய்ப்பால். சவ்வரிசி நிற்க நிற்க இறுகும், அரை லிட்டர் இரண்டாம் பாலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, கீரை, ரசம் அன்று மாலை. சோறு கடைசி, தலைக்கு 110 கிராம் அரிசி; வடித்ததும் ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் மூடியோடு வைத்தால் இரண்டு மணி நேரம் சூடாக இருக்கும்.

---

தென்னந்தோப்பு:

அண்ணன் சொன்ன இடியாப்பத்துக்குப் பதில் கள் ஆப்பம் வைக்கலாமே, கள்தான் வாங்கப் போகிறீர்களே. வெள்ளிக்கிழமை கால் லிட்டர் வாங்கி வந்து குளிர்பெட்டியில் வையுங்கள். பச்சரிசி அரை கிலோ நான்கு மணி நேரம் ஊறவைத்து, துருவிய தேங்காய் 100 கிராம், ஒரு கைப்பிடி சோறு, 150 மில்லி கள், 1 மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து நைசாக அரையுங்கள். நம் வெப்பத்தில் 4, 5 மணி நேரத்தில் பொங்கும், ஆகவே சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அரைத்தால் போதும். உப்பை வார்க்கும் முன் போடுங்கள். முதலிலேயே போட்டால் பொங்குவது மந்தமாகும். சின்ன ஆப்பமாக வார்த்தால் 24 வரும்.

மாவில் கள் இருப்பதை அந்த நால்வரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் கள்ளுக்குப் பதில் 150 மில்லி இளநீரில் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் கரைத்து அதே மாவை இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். ஆப்பச்சட்டியும் கரண்டியும் வேறாக இருக்கட்டும்.